விழுந்தபின் எதைப் பிடிப்பது?

(தொலைக்காட்சி அரங்கப் பேச்சின் எழுத்து வடிவம்)

செலாயாங்கில் கடல் இல்லை. பசார் போரோங் இருக்கிறது, பெரிய மருத்துவமனை இருக்கிறது, கால் நனைத்து உட்கார வெந்நீர்க் குளம்கூட இருக்கிறது. கொஞ்சம் மேலே போனால் பத்து அணை இருக்கிறது. ஆனால் அது குடிநீருக்கான அணை, விளையாட இடமில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கடல் விளையாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம்.

கேட்பது நியாயம்தான். ஆனால் கடலோரத்தில் பிறந்தவனைவிடக் கடலுக்குத் தொலைவில் பிறந்தவனுக்குத்தான் கடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் இப்போது கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஒருவன் கையில் பெரிய சிறகு போன்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில், சத்தமே இல்லாமல் பறந்து போகிறான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமையே நண்பன் காரில் ஏறிப் போர்ட் டிக்சன் போய்விடலாம், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆண்டு முடிவில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது காராக் நெடுஞ்சாலையைப் பிடித்துக் குவாந்தான் பக்கம் பாலோக், செராத்திங் வரை போகிறவர்களும் உண்டு.

இந்த விளையாட்டுக்குப் பெயர் விங் ஃபாயில். இதைப் பற்றிய படங்களில் ஒரு குறை. பறப்பதை மட்டும் காட்டுவார்கள். விழுவதைக் காட்டினாலும் சிரிப்புக்காகக் காட்டுவார்கள். விழுந்தவன் திரும்பப் பலகையில் ஏறும் அந்த ஐந்து நிமிடத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். முதல் நாள் கற்றுக்கொள்ளப் போகிறவனுக்கோ அந்த ஐந்து நிமிடம்தான் முழு நாளும். அவன் பறக்கப் போவதில்லை. விழுவான், ஏறுவான், மறுபடி விழுவான். எத்தனை முறை ஏற முடிகிறது என்பதுதான் அவன் கரைக்குத் தானே வருவானா, பிறர் போய்க் கொண்டுவர வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும்.

மூன்று பொருள், இரண்டு கயிறு

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலாவது பலகை. அது கனமான ஆளையும் மிதக்க வைக்கும். இரண்டாவது, அந்தப் பலகைக்கு அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஃபாயில். 75 முதல் 90 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள ஒரு தண்டு, அதன் நுனியில் குட்டி விமானம் மாதிரி ஒரு பெரிய இறக்கையும் பின்னால் ஒரு சிறிய இறக்கையும். பலகை வேகம் எடுத்ததும் இந்த இறக்கைகள் தண்ணீருக்குள்ளிருந்து பலகையை மேலே தூக்கிவிடும். மூன்றாவது கையில் பிடிக்கும் சிறகு. காற்றடைத்த குழாய் ஒன்று அதன் முன்விளிம்பாக வளைந்து நிற்கும். நடுவில் இன்னொரு குழாய் முதுகெலும்பு மாதிரி ஓடும். அவற்றின் மேல் துணி. கைப்பிடிகள் துணிக்கு அடிப்பக்கம். மொத்த எடை இரண்டு மூன்று கிலோதான்.

இரண்டு பாதுகாப்புக் கயிறுகள் உண்டு. ஒன்று சிறகின் முன்விளிம்பு நடுவிலிருந்து ஆளின் மணிக்கட்டுக்கோ இடுப்புக்கோ வரும். மற்றது பலகையிலிருந்து காலுக்கோ இடுப்புக்கோ வரும்.

தண்ணீருக்கடியில் இறக்கை வைத்துத் தூக்கும் யோசனை புதிதல்ல. இத்தாலியின் என்ரிக்கோ ஃபோர்லானினி 1906-லேயே மஜ்ஜோரே ஏரியில் அப்படி ஒரு படகை ஓட்டிக் காட்டினார். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லும் தம் குழுவோடு ஒன்றைச் செய்து 1919-இல் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகம் கண்டார். காற்றடைத்த குழாயை விளிம்பாக வைத்த பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கேட்டவர்கள் பிரான்சின் லெகெனு சகோதரர்கள். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் மிதந்து, திரும்ப எழும்ப வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, பெரிய நிறுவனங்கள் கைச்சிறகைக் கடைக்குக் கொண்டுவந்தது 2019 வாக்கில்தான். பாய்ப்பலகையும் பட்டப்பலகையும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃபாயிலோடு போட்டியிட்டன. கைச்சிறகு இன்னும் ஒலிம்பிக் பக்கம் போகவில்லை. வயதில் இது சின்னப் பிள்ளை. சொல்லிக்கொடுக்கும் அனுபவசாலிகள் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

குடையைப் பார்த்தால் புரியும்

செலாயாங்கில் மாலை நேரத்து மழைக்கு யாரும் அறிமுகம் தேவையில்லாதவர்கள். மழைக்கு முன் ஒரு காற்று வருமே, அந்தக் காற்றில் குடை பிடித்துக்கொண்டு பசார் வாசலைக் கடக்கும் அம்மாவைப் பாருங்கள். குடையின் குவிந்த பக்கம் காற்றை நோக்கி இருக்கும் வரை அவர் நடக்கிறார். ஒரு கணம் குடை திரும்பி அதன் குழிந்த பக்கம் காற்றைப் பார்த்துவிட்டால் போதும், குடை ஆளை இழுக்கும், இல்லாவிட்டால் மல்லாந்துவிடும். கல்யாண வீட்டுக் கெமா போடுகிறவர்களுக்கும் இது தெரியும். துணியை நான்கு பக்கமும் பிடித்தால் நான்கு பேரையும் காற்று தூக்கும். ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து மறுபக்கத்தை விட்டால், துணி கொடி மாதிரி படபடக்கும், அவ்வளவுதான்.

விங் ஃபாயிலில் சிறகைக் கையாளும் விஷயம் முழுவதும் இதற்குள் அடக்கம். முன் கைப்பிடியை மட்டும் பிடித்தால் சிறகு கொடி. பின் கைப்பிடியையும் பிடித்து இழுத்தால் சிறகு பாய். கொடிக்கு இழுவை சிறிது. பாய்க்கு இழுவை எவ்வளவு?

ஐந்து சதுர மீட்டர் சிறகு என்று வைத்துக்கொள்வோம். காற்று 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். சிறகு முழுதாகக் காற்றைப் பிடித்தால் ஏறக்குறைய 18 கிலோ எடை இழுப்பது போன்ற விசை வரும். காற்று 25 நாட்டுக்கு, அதாவது 46 கிலோமீட்டருக்கு ஏறினால் அதே சிறகு 50 கிலோ அளவுக்கு இழுக்கும். காற்று இரண்டு மடங்கு கூட ஆகவில்லை, இழுவையோ மூன்று மடங்கை நெருங்கிவிட்டது. காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு என்பது கணக்கு. ஒரு பசார் அரிசி மூட்டை திடீரென்று கையைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும்? அதுவும் ஒரு காலைப் பலகையில் வைத்துக்கொண்டு, மறு கால் தண்ணீரில் தொங்கும்போது?

கற்றுக்கொள்ளும் இளைஞர்களிடம் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணே, ரெண்டு கையாலயும் புடிச்சாத்தானே பலம்?" சொல்லிக்கொடுப்பவர் சொல்ல வேண்டிய பதில்: "தம்பி, பலம் உனக்கு வேணுமா, சிறகுக்கு வேணுமா? ஏறுற வரைக்கும் சிறகுக்குப் பலமே இருக்கக் கூடாது. மோட்டாரை நியூட்ரல்ல போட்டுட்டுத்தானே ஏறி உக்காருவே?"

விழும்போதே ஆரம்பிக்கிறது

திரும்ப ஏறுவது விழுந்த பிறகு தொடங்கும் வேலை என்று நினைக்கிறோம். இல்லை. எப்படி விழுகிறோம் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது.

சமநிலை போய்விட்டது என்று தெரிந்ததும் பலர் சிறகை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். மனித இயல்பு அது, கையில் கிடைத்ததைப் பற்றிக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் பின் கையை விட்டுவிட வேண்டும். முடிந்தால் சிறகைக் காற்று போகும் திசையில் தள்ளிவிட்டு, ஃபாயிலை விட்டு விலகி, முதுகோ பக்கமோ தட்டையாகப் படும்படி விழ வேண்டும். தலைகீழாகப் பாயக் கூடாது. சிறகின் மேலேயும் விழக் கூடாது, காற்றடைத்த குழாய் வெடித்துவிடலாம். தண்ணீருக்குள்ளிருந்து மேலே வரும்போது இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு வர வேண்டும். ஃபாயிலின் விளிம்பு கத்தி மாதிரி. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் போடுவது அழகுக்காக அல்ல.

சில நேரம் மேலே வரும்போது தலைக்கு மேல் வானம் இருக்காது, சிறகுத் துணிதான் இருக்கும். ஈரத்துணி முகத்தில் ஒட்டும். அனுபவம் இல்லாதவர்கள் மிரண்டுபோவது இங்கேதான். செய்ய வேண்டியது ஒன்றே. ஒரு கையை உயர்த்தித் துணியை மேலே தள்ள வேண்டும், அங்கே மூச்சு விட இடம் உண்டாகும். பிறகு கை தடவியபடி ஏதாவது ஒரு விளிம்பை நோக்கி நகர வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் இரண்டு மூன்று மீட்டருக்குள் வெளியே வந்துவிடலாம்.

வெளியே வந்த பிறகு ஒரு நல்ல செய்தி. சிறகு கயிற்றின் நுனியில், காற்று போகும் பக்கமாக மிதந்துகொண்டிருக்கும். கயிறு முன்விளிம்பின் நடுவில் கட்டியிருப்பதால் அந்த விளிம்பு தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். கவிழ்ந்து கிடந்தாலும் கவலையில்லை. அது தண்ணீரில் கிடக்கும் வரை ஒரு சிறு நங்கூரம் மாதிரி இழுத்துப் பிடித்து, ஆள் வேகமாக அடித்துச் செல்லப்படாமல் பார்த்துக்கொள்கிறது. எனவே அவசரப்பட்டு அதன் பின்னால் நீந்திப் போக வேண்டியதில்லை. முதலில் போக வேண்டியது பலகைக்கு.

பலகை முதலில், சிறகு பிறகு

பலகை மல்லாந்து, ஃபாயில் வானத்தைப் பார்த்து நிற்கலாம். அப்படியானால் ஃபாயில் விழும் வழியிலிருந்து உடலை ஒதுக்கிக்கொண்டு, அருகிலுள்ள விளிம்பை அழுத்தி மறுவிளிம்பைத் தூக்கினால், ஃபாயிலின் எடையே பலகையைப் புரட்டிவிடும்.

அடுத்தது திசை. பலகை காற்றுக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். காற்று இடமிருந்து வலம் வீசுகிறது என்றால் பலகையின் மூக்கு முன்னோக்கி இருக்க வேண்டும். காற்றுக்கு நேராக மூக்கை வைத்தால் ஏறிய பிறகு எந்தப் பக்கமும் போக முடியாது.

ஆள் எந்தப் பக்கம் நிற்பது? காற்று வரும் பக்கம். பலகை நடுவில், சிறகு மறுபக்கம். இதற்குக் காரணம் உண்டு. அலையும் பெரும்பாலும் காற்றோடுதான் வரும். ஆள் மறுபக்கம் நின்றால், அலை பலகையைத் தூக்கி அவர் முகத்தில் அடிக்கும். காற்று வரும் பக்கம் நின்றால், அலை பலகையை அவரிடமிருந்து தள்ளும். கையில் பிடித்திருக்கும் பலகை தள்ளினால் பெரிய துன்பம் இல்லை.

ஏறுவதற்கு முன் ஒரு பார்வை. சிறகின் கயிறு பலகைக்கு மேலாகப் போகிறதா, அடியில் ஃபாயில் தண்டைச் சுற்றிப் போகிறதா? இந்த ஒரு பார்வையைத் தவறவிட்டவர் கஷ்டப்பட்டு ஏறி, முழங்காலிட்டு, சிறகைத் தூக்கும்போது பலகை தானாகக் கவிழும். ஏன் கவிழ்ந்தது என்று தெரியாமல் மறுபடி ஏறுவார். மறுபடி கவிழும். கயிற்றைப் பார்க்க இரண்டு விநாடி போதும். பார்க்காதவருக்குப் பத்து நிமிடமும் பாதிப் பலமும் போகும்.

இனி ஏறலாம். ஒரு கை பலகையின் நடுவிலுள்ள பிடியில் அல்லது எதிர்விளிம்பில். கால்கள் தண்ணீரின் மேற்பரப்புக்கு வர வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நீச்சல் குளத்தின் சுவரில் ஏறுவது போல உடலைச் செங்குத்தாக வைத்துக் கையால் தம் கட்டி மேலே தூக்கப் பார்க்கிறார்கள். பலகை சாய்ந்து அவர்கள் மேலேயே வரும், கால் அடியில் போய் ஃபாயிலில் இடிக்கும். உடல் தண்ணீரில் படுத்த நிலைக்கு வரும் வரை காலடித்து, பிறகு வயிற்றால் பலகையின் மேல் வழுக்கிச் செல்ல வேண்டும். குறுக்கே படுத்துக்கொண்டே ஒரு மூச்சு விடலாம். பிறகு மெல்லத் திரும்பிப் பலகை நீளவாக்கில் படுத்து, நடுப்பிடியின் இரு பக்கமும் முழங்கால்களை வைத்து எழ வேண்டும். முழங்கால்களுக்கு இடையே தோள் அகலம் இடைவெளி. தலை நிமிர்ந்திருக்க வேண்டும். கீழே பார்த்தால் கீழேதான் போவோம்.

இத்தனையும் நடக்கும்போது சிறகு எங்கே? கயிற்றின் நுனியில் சும்மா கிடக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு அதுவே நல்லது. இரண்டு கைகளும் பலகைக்கு வேண்டும்.

சற்றுப் பழகியவர்கள் வேறு மாதிரி செய்வார்கள். சிறகை முதலில் நேராக்கி, அதன் முன் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக் காற்றில் கொடி மாதிரி பறக்க விட்டபடியே மறு கையால் பலகையில் ஏறுவார்கள். லேசாக மேலே இழுக்கும் சிறகு உடல் சாயாமல் தாங்கிக்கொள்ளும், பேருந்தில் நிற்கும்போது மேலே தொங்கும் பிடியைப் பிடிப்பது போல. அலை உடைந்து நுரைக்கும் இடத்தில் இந்த முறைதான் சரி. அங்கே சிறகைத் தண்ணீரில் விட்டால் அலை அதைச் சுருட்டிக்கொண்டு போய்க் கயிற்றை வெடுக்கென்று இழுக்கும், துணியும் கிழியலாம். ஆனால் அலை உடையும் இடத்துக்குப் புதியவர் போகவே கூடாது என்பதுதான் இதற்கு முதல் பதில்.

எந்த முறையானாலும் மாறாத விதி ஒன்று உண்டு. முழங்கால் இரண்டும் பலகையில் ஊன்றும் வரை பின் கைப்பிடியைத் தொடக் கூடாது. தொட்டால் சிறகு பாயாகிவிடும். பாதி ஏறிய ஆளை முன்னால் இழுத்துப் போகும், பலகை பின்னால் நிற்கும்.

முழங்காலிட்ட பிறகு கயிற்றை இழுத்துச் சிறகை அருகே கொண்டுவர வேண்டும். கைப்பிடிகள் வானத்தைப் பார்த்துக் கிடந்தால் சிறகு கவிழ்ந்திருக்கிறது என்று பொருள். அதைத் தம் கட்டிப் புரட்ட வேண்டாம். முன்விளிம்பைப் பிடித்தபடி ஒரு பக்க நுனியை மட்டும் தண்ணீரிலிருந்து தூக்கிக் கொடுத்தால், அடியில் காற்று புகுந்து அதுவே புரட்டிவிடும். துணிமேல் தண்ணீர் தேங்கியிருந்தால் மெதுவாகத் தூக்கி வடிய விட வேண்டும். தேங்கிய தண்ணீர் இருபது முப்பது கிலோ இருக்கலாம். அதோடு மல்லுக்கட்டினால் தோல்வி ஆளுக்குத்தான்.

பிறகு பலகையின் மூக்குப் பக்கம் இருக்கும் கையால் முன் கைப்பிடி. சிறகு தலைக்கு மேல் படபடக்கட்டும். ஒரு மூச்சு, சுற்றிலும் ஒரு பார்வை, வேறு யாரும் வருகிறார்களா என்று. அதன்பின் மறு கையைப் பின் கைப்பிடியில் வைத்து மெல்ல இழுக்க வேண்டும். பலகை நகரும். நகர ஆரம்பித்த பலகை ஆடாது, சைக்கிள் போலத்தான். உடனே எழுந்து நிற்க ஆசை வரும். முழங்காலிலேயே கொஞ்ச தூரம் போய்ப் பழகியவர்கள்தான் பிறகு விழாமல் எழுகிறார்கள்.

தாமானை விடு

இதெல்லாம் மேல்நாட்டு விளையாட்டு, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. செலாயாங்கில் தாமான் என்றால் வீடமைப்புப் பகுதி. தமிழகக் கடலோரத்தில் தாமான் என்பது கயிறு. பாயின் கீழ்மூலையில் கட்டிப் படகுக்காரர் கையில் வைத்திருப்பது. அதை இழுத்தால் பாய் காற்றைப் பிடிக்கும், விட்டால் பாய் படபடத்துக் காற்றைக் கொட்டிவிடும். திடீர்க் காற்று வந்து படகு சாயும்போது முதலில் செய்வது தாமானைத் தளர்த்துவதுதான். கைச்சிறகின் பின் கைப்பிடி செய்யும் வேலையும் இதுவே. பொருள் புதிது, வித்தை பழையது.

கட்டுமரமும் அப்படித்தான். மரங்களைச் சேர்த்துக் கட்டியது, உள்ளே தண்ணீர் நிரம்ப இடமே கிடையாது. அலையில் புரண்டாலும் மூழ்காது. விழுந்தவர் நீந்தி அதைப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்வார். ஆங்கிலேயர் அந்தச் சொல்லை நம்மிடமிருந்து எடுத்து இரட்டைப் படகுக்கு வைத்துக்கொண்டார்கள். கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை! அதிருக்கட்டும். கட்டுமரக்காரருக்குக் கடலில் விழுவது அவமானம் அல்ல, தொழிலில் ஒரு பகுதி. ஏறத் தெரியாமல் யாரும் அங்கே தொழிலுக்குப் போனதில்லை.

இன்றும் இராமேசுவரம், தூத்துக்குடிக் கடற்கரைகளிலும், இலங்கையில் கற்பிட்டிக் கடனீரேரியிலும் காற்று விளையாட்டுகள் நடக்கின்றன. ஆழம் குறைந்து, அலை குறைந்து, காற்று மட்டும் நிலையாக வீசும் இடங்கள் கற்றுக்கொள்ள ஏற்றவை.

நம் பக்கத்துக் காற்று

நம் மேற்குக் கரையில் காற்று அப்படி நிலையாக இல்லை. போர்ட் டிக்சனில் காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று. வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து கரையை நோக்கித் திரும்பும். இந்த வேறுபாடு சாதாரணமாகத் தோன்றும். ஏற முடியாமல் தண்ணீரில் கிடப்பவருக்கு இதுதான் எல்லாம். கரையை நோக்கிய காற்று என்றால் அவரைக் கொண்டுவந்து மணலில் போடும். கடலை நோக்கிய காற்று என்றால் வெளியே கொண்டுபோகும். ஒரு நாட் வேகத்தில் நகர்ந்தால்கூட 20 நிமிடத்தில் 600 மீட்டர். செலாயாங் பிள்ளை குளத்தில் எத்தனை சுற்று நீந்தியிருந்தாலும் கடலில் எதிர்க்காற்றில் 600 மீட்டர் வேறு கணக்கு.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இன்னொன்றும் உண்டு. மலாக்கா நீரிணையில் விடியலுக்கு முன்னோ காலையிலோ வரும் சுமத்ரா புயற்காற்று. வானம் மேற்கே கருத்துச் சிறிது நேரத்தில் காற்று 30, 40 நாட்டுக்குப் போய்விடும், கூடவே இடி மின்னல். கருமேகத்தைக் கண்ட பிறகு இன்னும் ஒரு சுற்று என்று நிற்பது வேண்டாத வேலை.

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். காற்று நன்றாக இருக்கும், ஆனால் அலையும் பெரிது, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. சிவப்புக் கொடி பறக்கும் கரையில் இறங்குவதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது.

ஏற முடியவில்லை என்றால்

ஒரு முறை ஏறுவது மாடிப்படி ஓடி ஏறுவது மாதிரி. பத்து முறை ஏறினால் பலமுள்ளவருக்கும் கை நடுங்கும். மூன்று முறை தொடர்ந்து முயன்றும் முடியவில்லை என்றால் நான்காவது முறைக்கு முன் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓய்வு எடுக்க வேண்டும். களைத்த உடம்பு செய்யும் தவறுகள்தான் ஆபத்தானவை.

காற்று நின்றுவிட்டால், அல்லது தாங்க முடியாமல் ஏறிவிட்டால், நின்று ஓட்டும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். பலகையில் குப்புறப் படுத்துச் சிறகைக் கவிழ்த்துப் பின்புறம் கால்களின் மேல் வைத்துக்கொண்டு கையால் துடுப்புப் போட்டு வரலாம். காற்று கரையை நோக்கியிருந்தால் சும்மா பிடித்துக்கொண்டு கிடந்தாலே கரை வந்து சேரும். சிறகின் காற்றைத் திறந்துவிட வேண்டாம். அது மிதவை. கடலில் ஒரு தலை தெரியாது, ஐந்து சதுர மீட்டர் வண்ணத் துணி தெரியும். பலகையையும் விட்டுவிட்டு, "நீந்தியே போயிடலாம்" என்று கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

உதவி தேவை என்றால் பலகையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் திரும்பத் திரும்ப அசைக்க வேண்டும். உலகம் முழுக்க அபாய அடையாளமாக ஏற்கப்பட்டது அது. ஒரு கையை மட்டும் ஆட்டினால் கரையில் இருப்பவர் பதிலுக்குக் கை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கரையில் பார்ப்பவர் அழைக்க வேண்டிய எண் 999. கடல்சார் அமலாக்கத் துறைக்கும் அந்த எண்ணே போகும்.

உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டபடி 2021-இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர். பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்ப்பது நம் குடும்பங்களில் பலருக்கு வழக்கம். "தண்ணியில கண்டம்" என்று சொல்லி முடித்துவிடுவோம். அப்படி வளர்ந்தவன் பதினெட்டு வயதில் நண்பர்களோடு போகும்போது தடுக்க வீட்டில் யாரும் கூட இருப்பதில்லை. அவன் கையில் நீச்சலும் இருக்காது. இந்தச் சாமான்களைப் புதிதாக வாங்கினால் பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். அதற்கு முன் நீச்சல் வகுப்புக்குச் செலவழிக்கச் சொல்வதில் ஒரு தாய் தகப்பன் கூச்சப்பட ஒன்றுமில்லை.

திடலில் ஆரம்பிக்கலாம்

கடலுக்குப் போகாமலே இதில் பாதியைப் பழகலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஃபாயில் மாட்டாத பலகையைத் தாமான் திடலின் புல்லில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலிட்டுப் பழகலாம். மாலைக் காற்றில் சிறகை முன் கைப்பிடியால் மட்டும் பிடித்துக்கொண்டு திடலைச் சுற்றி நடக்கலாம். எப்போது கொடியாக இருக்கிறது, எப்போது பாயாக மாறுகிறது என்று கை தானே அறிந்துகொள்ளும். சிறகைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு நுனியைத் தூக்கிக் காற்றாலேயே புரட்ட வைப்பதை இருபது முறை செய்து பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மின்கம்பி இல்லாத திடலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், வானம் இடித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கடலில் முதல் நாள் என்றால் பயிற்சியாளர் ஒருவரும், கரையில் கண்ணெடுக்காமல் பார்க்க ஒருவரும் இருக்க வேண்டும். கரையில் இருப்பவர் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அவர் பார்ப்பவர் இல்லை, படம் எடுப்பவர். அவரிடம் நேரத்தைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும்: இத்தனை மணிக்குள் கரைக்கு வருவேன், வராவிட்டால் இந்த எண்ணை அழையுங்கள் என்று. தண்ணீரில் கால் வைக்கும் முன் இரண்டு கயிறுகளையும் ஒவ்வொன்றாகக் கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். ஒட்டும் பட்டை தேய்ந்து, இழுத்ததும் பிரிந்து வந்தால், அன்றைக்குச் சிறகை மடித்துக் காரில் வைத்துவிட்டு நாசி லெமாக் சாப்பிட்டுத் திரும்பி வந்துவிடலாம். அடுத்த சனிக்கிழமையும் காற்று வீசும்.